பழைய கோல்ஃபின் பின் பிரேக்: இருக்கிற காலிப்பரா, மார்க் 4 காலிப்பரா?

1983ல் வந்த மார்க் 2, 1991ல் வந்த மார்க் 3 என்ற இரண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் தலைமுறைகளிலும், பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள மாடல்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்ட பிறகும் ஒரு பக்கத்துச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த ரிம் மட்டும் சுடும், கருகல் வாடை வரும். சில வண்டிகளில் இதற்கு நேர்மாறு: எவ்வளவு இழுத்தாலும் மேட்டில் நிற்காது. அதே காலத்து ஃபோக்ஸ்வாகன் கொராடோ காரிலும் இதே கதைதான்.

இதற்கு இந்த வண்டிக்காரர்களிடையே வெகுநாளாகப் புழங்கும் வைத்தியம், 1997ல் வந்த மார்க் 4 கோல்ஃபின் அலுமினியக் காலிப்பரை எடுத்துப் பழைய வண்டியில் மாட்டிவிடுவது. (பேட் என்ற உராய்வுத் தட்டுகளால் டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர்.) மாட்ட முடியும், நிறையப் பேர் மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் அது ஒன்றே வழி என்பதுபோல் பேசுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இருப்பதைப் பிரித்துச் சரிசெய்யலாம், அதே வகையில் புதிது வாங்கலாம், மார்க் 4 காலிப்பரை மட்டும் மாட்டலாம், டிஸ்க் முதல் எல்லாவற்றையும் மார்க் 4க்கு மாற்றலாம். எந்த வண்டிக்கு எது என்று பார்ப்போம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக விடுகிற ஹேண்ட் பிரேக் வேண்டும் என்றால் இந்த மாற்றத்தைச் செய்யலாம். வண்டி இன்னும் சீக்கிரம் நிற்க வேண்டும் என்ற ஆசையில் செய்யக்கூடாது. காரணம் கீழே வருகிறது.

முதலில் யார் குற்றவாளி என்று பாருங்கள்

பின் சக்கரம் பிடிக்கிறது என்றதும் காலிப்பர் மேல் பழியைப் போடுவது வழக்கம். பாதி நேரம் கேபிள்தான் காரணமாக இருக்கும். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிடிக்கிற பக்கத்தில், காலிப்பரின் பின்னால் இருக்கும் சிறிய லீவரிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியதும் லீவர் டக்கென்று திரும்பித் தன் தடுப்பில் போய் உட்கார்ந்து, சக்கரமும் விடுபட்டால் காலிப்பரில் குற்றமில்லை. கேபிளின் உறைக்குள் துரு ஏறி, உள்ளே இருக்கும் கம்பி திரும்பி வர மறுக்கிறது. புதுக் கேபிள் போட்டால் வேலை முடிந்தது, இந்தக் கட்டுரையை மேலே படிக்கவே தேவையில்லை.

கேபிள் இல்லாமலேயே லீவர் பாதி வழியில் நின்றுவிட்டால் நோய் காலிப்பருக்குள் இருக்கிறது. லீவர் சரியாகத் திரும்பியும் சக்கரம் பிடிக்கிறதா? அப்போது காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்துக்கொள்ளும். நீங்கள் பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தபின் திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் கைடு பின்னோ இறுகியிருக்கிறது. உட்பக்கப் பேட் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் அப்படியே இருந்தால் கைடு பின்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காலிப்பர் ஏன் இறுகுகிறது

இந்தப் பின் காலிப்பருக்கு இரண்டு வேலை. காலால் மிதிக்கும்போது ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. கையால் இழுக்கும்போது கேபிள் லீவரைத் திருப்புகிறது, லீவரின் தண்டு காலிப்பருக்குள் போய்ப் பிஸ்டனைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பேட் தேயத் தேய இடைவெளியை ஈடுகட்ட, பிஸ்டனுக்குள் தானாகத் திருகிக்கொள்ளும் ஒரு நட்டும் இருக்கிறது. (அதனால்தான் புதுப் பேட் போடும்போது பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். முன் காலிப்பரில் செய்வதுபோல் கிளாம்ப் வைத்து நேராக நெருக்கினால் உள்ளே இருக்கும் இந்த ஏற்பாடு கெட்டுவிடும்.)

லீவரின் தண்டு காலிப்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. வருடங்கள் போகப்போக அது காய்ந்து வெடிக்கும், தண்ணீர் இறங்கும், வார்ப்பிரும்பு உடம்பிலும் தண்டிலும் துரு பிடிக்கும். திருப்பி இழுக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு அந்தத் துருவை ஜெயிக்கும் பலம் இல்லை. பின் பிரேக் அதிகம் உழைக்காததும் இதற்குத் துணை. பலமாகப் பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கர இழுவை வண்டியில் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்கே செய்துவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கையே தொடாமல், கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்களின் வண்டியில் லீவர் இன்னும் சீக்கிரம் இறுகும்.

பிரித்துச் சரிசெய்வது

சீல் கிட் வாங்கி நாமே பிரித்துப் போடுவதில் ஒரு பெரிய லாபம், வேறு எதுவும் மாறாது என்பது. ஹோஸ் அதேதான், கேபிள் அதேதான், முன் பின் பிரேக் சமநிலையும் அதேதான். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எப்போது வேண்டாம்? லீவரின் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் தண்டு உட்காரும் துளையே தேய்ந்துவிட்டது, எத்தனை சீல் போட்டாலும் தண்ணீர் மறுபடி இறங்கும். பிஸ்டனின் பளபளப்பான மேற்பரப்பில் துருக் குழிகள் இருந்தால் புதுப் பிஸ்டனும் வேண்டும். கிட் வாங்கும்போது தண்டுக்கான சீலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கிட்டுகளில் பிஸ்டன் சீலும் தூசி மறைப்பும் மட்டுமே வரும். இந்த வியாதிக்கு அவை மட்டும் போதாது. சாதாரண கிரீஸைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் கிரீஸ்தான் வேண்டும்.

அதே வகையில் புதிது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழற்று, மாட்டு, ஏர் எடு (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்று), முடிந்தது. அதே வடிவமைப்பு என்பதால் அதே வியாதி ஒருநாள் திரும்பி வரும் என்பார்கள். வரட்டுமே, முதல் தடவை வர எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். வண்டி விற்பனை நின்று வெகுகாலம் ஆனதால், நல்ல தரத்தில் கிடைப்பதுதான் போகப்போகக் கடினம். பழைய காலிப்பரைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் லீவரை இழுத்து விட்டுப் பாருங்கள். கையில் இருக்கும்போதே மந்தமாகத் திரும்பினால் வண்டியில் மாட்டியபின் மட்டும் வேகம் வந்துவிடாது.

மார்க் 4 காலிப்பர், பழைய பிராக்கெட்

எல்லோரும் பேசுவது இதைத்தான், சரியாகச் செய்தால் நல்ல வழியும் இதுதான். சூட்சுமம் பிராக்கெட்டில் இருக்கிறது. காலிப்பர் என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் அது இரண்டு துண்டு: பிஸ்டன் உள்ள உடம்பு ஒன்று, பேட்களைத் தாங்கி ஆக்சிலோடு போல்ட் ஆகும் பிராக்கெட் இன்னொன்று. டிஸ்க்கின் விட்டத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டியது பிராக்கெட். மார்க் 2, மார்க் 3 பின் டிஸ்க் 226 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் தடிமன். மார்க் 4ன் சாதாரணப் பின் டிஸ்க் 232 மில்லிமீட்டர் விட்டம், 9 மில்லிமீட்டர் தடிமன். பழைய பிராக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மார்க் 4ன் உடம்பை மட்டும் அதில் மாட்டினால் பழைய டிஸ்க்கையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.

கிடைப்பது என்ன? அலுமினிய உடம்பு, திருத்தப்பட்ட லீவர் ஏற்பாடு. அப்புறம், கிடைக்கும் வசதி. மார்க் 4ன் அதே அடித்தளத்தில் முதல் தலைமுறை ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, செயாட் லியோன் எல்லாம் வந்ததால் இந்தக் காலிப்பர் ஏராளமாக வார்க்கப்பட்டது. எடையும் குறைகிறது, ஆனால் அதை ஓட்டும்போது உணர்கிறேன் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்த வைத்தியம் பிரபலமான காலத்தில் மார்க் 4 புதிய வண்டி. உடைத்து விற்கும் இடத்தில் கிடைத்த காலிப்பர் சில வருடம் ஓடியது மட்டுமே. இன்றைக்கு அந்த மார்க் 4ம் கிழவண்டிதான். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் தண்டு எஃகுதான். அதன் சீலும் கிழியும், அதன் லீவரும் இறுகும். போதாக்குறைக்கு, அலுமினியத்தில் எஃகு நிப்பிள் அரித்து ஒட்டிக்கொண்டால் திருகும்போது முறியும், அல்லது மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே இந்த வழியில் போவதானால் புதிதோ, நன்றாகப் புதுப்பித்ததோ வாங்குங்கள். கழற்றிய பழைய காலிப்பரை எடுத்து மாட்டுவது ஒரு நோயாளிக்கு இன்னொரு நோயாளியின் உறுப்பைப் பொருத்துவதற்குச் சமம்.

பொருத்துவதில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். முதலாவது ஹோஸ். மார்க் 4 காலிப்பருக்கு ஆயில் பான்ஜோ போல்ட் (உள்ளே துளையுள்ள போல்ட்) வழியாகப் போகிறது. பழைய வண்டியின் குழாய் முனை திருகிப் பொருத்தும் வகை என்றால் அதற்கேற்ற புது ஹோஸ் வேண்டும், பான்ஜோவின் இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாஷர் வேண்டும். மரை கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று பழைய குழாயை பான்ஜோ துளையில் திருகுகிறவர்கள் உண்டு. உள்ளே உட்காரும் முகத்தின் வடிவம் வேறு என்பதால் அது ஒழுகும், ஒழுகுவது பிரேக் ஆயில். இந்த ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. ஹோஸின் நீளத்தையும் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும், முழுவதும் மேலேறிய நிலையிலும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேபிள். உறை வந்து நிற்கும் இடம், லீவரில் மாட்டும் முனை, மொத்த நீளம் மூன்றும் ஒத்துவர வேண்டும். மாட்டியபின் ஹேண்ட் பிரேக் இறங்கிய நிலையில் இரண்டு லீவரும் தத்தம் தடுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிளை இழுவையாக வைத்துவிட்டால் லீவர் எப்போதும் கொஞ்சம் தூக்கியபடியே இருக்கும், தானாகத் திருகும் நட்டு வேலை செய்யாது. கொஞ்ச நாளில் ஹேண்ட் பிரேக் தளர்ந்துபோக, நாம் மறுபடி கேபிளை இறுக்குவோம், நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் பெடலைப் பலமுறை மிதித்துப் பேட்களை உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் கேபிளைத் தொட வேண்டும்.

எல்லாவற்றையும் மார்க் 4க்கு மாற்றுவது

காகிதத்தில் சுலபமாகத் தெரியும்: காலிப்பர், பிராக்கெட், டிஸ்க் மூன்றையும் சேர்த்து மாற்றினால் போச்சு. நடைமுறையில் டிஸ்க்கில் வந்து நிற்கும். பழைய வண்டியில் பின் டிஸ்க்கும் ஹப்பும் (சக்கரம் போல்ட் ஆகும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு, சக்கர பேரிங்கே டிஸ்க்குக்குள் உட்காருகிறது. மார்க் 4ல் ஹப்பும் பேரிங்கும் தனி, டிஸ்க் அதன்மேல் செருகிக்கொள்ளும் வெறும் தட்டு. ஆகவே ஹப்பைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஹப் வரை மாற்ற வேண்டும். அதோடு முடிந்ததா? மார்க் 4 ஹப்பில் 5 போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம். மார்க் 2விலும் நாலு சிலிண்டர் மார்க் 3லும் பெரும்பாலும் 4 போல்ட். பின்னால் ஐந்து, முன்னால் நாலு என்று எந்த ரிம்மை வாங்குவது? முன்பக்க ஹப்பையும் மாற்றியாக வேண்டும். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் சென்சாரும் பல் வளையமும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி தனி.

ஆறு சிலிண்டர் விஆர்6 போல ஏற்கெனவே ஐந்து போல்ட் உள்ள வண்டிக்கும், பின் ஆக்சிலை முழுதாக இறக்கி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கும் இது யோசிக்கத்தக்கது. மற்றவர்களுக்கு விட்டம் 6 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலான டிஸ்க்குக்காக இவ்வளவு அலைச்சல் வீண்.

பிஸ்டன் விட்டம் என்ற பொறி

பேட் டிஸ்க்கை நெருக்கும் விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாதாரண மார்க் 4 பின் காலிப்பரின் பிஸ்டன் 38 மில்லிமீட்டர். உங்கள் பழைய காலிப்பரின் பிஸ்டனை வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். அதுவும் 38 என்றால் கால் பிரேக்கில் எந்த மாற்றமும் இல்லை, நிம்மதி. 36 என்றால் அதே பெடல் அழுத்தத்தில் பின் சக்கரத்துக்குப் போகும் விசை 11 சதவீதம் கூடும். டிஸ்க்கையும் 232க்கு மாற்றினால் இன்னொரு 3 சதவீதம் அதன்மேல் ஏறும். அடுத்த தலைமுறையில் வந்த 41 மில்லிமீட்டர் பிஸ்டனை மாட்டினால் 38லிருந்து 16 சதவீதக் கூடுதல்.

கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். நேராகப் போகும்போது முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் ஸ்டீரிங் கேட்காது, வண்டி நேராகச் சறுக்கும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வால் முன்னால் வரப் பார்க்கும், மழையில் வளைவில் அதைச் சமாளிப்பது பெரும்பாலானவர்களால் ஆகாது. அதனால்தான் பின் பிரேக்கைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார்கள். பல மார்க் 2, மார்க் 3 வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஸ்பிரிங்கால் இணைந்த ஒரு வால்வு சுமைக்கேற்பப் பின் பக்க அழுத்தத்தைக் குறைக்கும். வண்டியைத் தாழ்த்தியிருந்தாலோ, அந்த வால்வே துருப்பிடித்து நின்றிருந்தாலோ சமநிலை ஏற்கெனவே கெட்டிருக்கும். அதன்மேல் பெரிய பிஸ்டனையும் ஏற்றுவது சூதாட்டம். பெரிய பிஸ்டன் அதிக ஆயிலும் கேட்கும், பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போகும்.

ஹேண்ட் பிரேக்குக்கும் பிஸ்டன் விட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விசை லீவரின் நீளத்திலிருந்தும் உள்ளே இருக்கும் தண்டிலிருந்தும் வருகிறது. நல்ல ஹேண்ட் பிரேக்குக்காகப் பெரிய பிஸ்டன் தேடுவது அர்த்தமற்றது.

காற்றோட்ட டிஸ்க்குக்கான காலிப்பரை வாங்கிவிடாதீர்கள். மார்க் 4 குடும்பத்தின் வேகமான மாடல்களில் பின்னால் 256 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிஸ்க் உண்டு. அதற்கான உடம்பை 10 மில்லிமீட்டர் டிஸ்க்கில் மாட்டினால் பேட் தேயும்போது பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே நீளும்.

ஆக, எந்த வண்டிக்கு எது

தண்டு ஆடவில்லை, பிஸ்டன் சுத்தம், கையில் நேரம் இருக்கிறது என்றால் நான் பிரித்துச் சரிசெய்யத்தான் சொல்வேன். தண்டு ஆடுகிறது, அதே வகையில் தரமான புதுசு கிடைக்கிறது என்றால் அதை வாங்கிவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது கேலி செய்தால் செய்யட்டும். புதுசு கிடைக்கவில்லை, வண்டி தினமும் ஓட வேண்டும், பழைய பிஸ்டனும் 38 என்றால் மார்க் 4 உடம்பு, பழைய பிராக்கெட், புது ஹோஸ். பழையது 36 என்றால் உங்கள் வண்டியில் அந்தச் சுமை வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே இதைத் தொடுங்கள். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். கைடு பின் போல்ட்களைப் புதிதாகப் போட்டு, பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

மாட்டும்போது இடமும் வலமும் மாறினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலே தேங்கி எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சுபோலவே இருக்கும். ஏர் எடுக்கும்போது நிப்பிள்தான் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். ஆயில் டாட் 4 போதும். சிலிக்கான் வகையான டாட் 5ஐ அதோடு கலக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் முதலில் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் உருளை பிரேக் சோதனைக் கருவியில் வண்டியை ஏற்றுங்கள். இடது வலது பின் சக்கரங்கள் தரும் விசையில் பெரிய வித்தியாசம் இருந்தால், கேபிளிலோ ஏர் எடுத்ததிலோ ஏதோ மிச்சம் இருக்கிறது. கருவி கிடைக்காதவர்கள் கொஞ்ச தூரம் பிரேக் அடிக்காமல் ஓட்டி நிறுத்தி, தொடாமல் அளக்கும் வெப்பமானியைக் காட்டி இரண்டு டிஸ்க்கின் சூட்டையும் ஒப்பிடலாம். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில், பின்னால் எந்த வண்டியின் காலிப்பர், எந்தப் பிராக்கெட், எந்த ஹோஸ் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறொருவர் வண்டியின் வருடத்தை மட்டும் பார்த்துச் சீல் கிட்டும் ஹோஸும் தருவித்தால், பிரித்துப் போட்ட பிறகுதான் பொருந்தாது என்று தெரியும்.